பல்லை நேராக்கும் கலையில் குழந்தையின் இடம்

பாரிஸ் மருத்துவர் நிக்கோலா ஆந்திரி 1741ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் தலைப்புக்காக ஒரு புதுச்சொல்லை ஆக்கினார்: 'ஆர்த்தோபெதி'. கிரேக்க மொழியில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது. 'பைதியோன்' என்றால் குழந்தை. அச்சொல்லின் ஆங்கில வடிவமான 'ஆர்த்தோபீடிக்ஸ்' இன்று எலும்பு முறிவையும் மூட்டு மாற்றுச் சிகிச்சையையும் நினைவூட்டுகிறது. சொல்லுக்குள் எலும்பு இல்லை, குழந்தைதான் இருக்கிறது. குழந்தைகளின் உடற்கோணல்களைத் தடுக்கவும் திருத்தவும் தாய் தந்தையரும் குழந்தை வளர்ப்போரும் கைக்கொள்ளத்தக்க வழிகளைச் சொல்வதே தம் நோக்கம் என்று ஆந்திரி துணைத்தலைப்பிலேயே அறிவித்தார். வளைந்த இளமரம் ஒன்றை நேரான கம்பத்தோடு கயிற்றால் பிணைத்திருக்கும் படமும் அந்நூலில் உண்டு. எலும்பு மருத்துவ அமைப்புகள் பலவற்றின் சின்னமாக அது இன்றும் நிலைத்திருக்கிறது.

நூறாண்டுகள் கழித்து, 1841இல், பிரெஞ்சுப் பல்மருத்துவர் லெஃபூலோன் கோணல் பற்களைத் திருத்தும் கலைக்கு 'ஆர்த்தோதோந்தோசி' என்று பெயரிட்டார். இன்றைய 'ஆர்த்தோடான்டிக்ஸ்' அதன் வழிவந்தது. முற்பகுதி அதே 'ஆர்த்தோஸ்'. பிற்பகுதியில் குழந்தை இருந்த இடத்தில் பல் வந்து அமர்ந்தது. 1986இல் அத்துறையின் முதன்மையான அமெரிக்க ஆய்விதழ் தன் பெயரோடு 'பல்-முக ஆர்த்தோபீடிக்ஸ்' என்பதையும் சேர்த்துக்கொண்டபோது, சொற்பிறப்பின் அளவிலேனும் குழந்தை மீண்டும் உள்ளே வந்தது. தாடையின் வளர்ச்சியைக் குறிக்கவே அப்பெயர் சேர்க்கப்பட்டது. சொல்லுக்குள் குழந்தை இருப்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இச்சொல் வரலாற்றைப் பல்சீரமைப்பின் வரலாற்றுக்குச் சுருக்கமாகக் கொள்ளலாம். ஏழு முதல் பத்து வயதுக்குள் கிளிப்பு போடப்படும் குழந்தை எவ்வாறு பழகிக்கொள்ளும் என்பதே பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி. 'பழகிக்கொள்வது' குழந்தையின் கடமை என்பது அக்கேள்விக்குள் பொதிந்திருக்கும் முடிவு. வரலாறு காட்டும் படம் சற்று வேறானது. கருவியும் மருத்துவரும் கால அட்டவணையும் குழந்தைக்கேற்ப வளைந்து கொடுத்த இடங்களிலேயே இத்துறை பெரிய அடிகளை எடுத்துவைத்திருக்கிறது.

நூலும் தகடும் திருகும்

நவீனப் பல்மருத்துவத்தின் முன்னோடி எனப்படும் பியேர் ஃபோஷார் 1728இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் கோணல் பற்களைத் திருத்தும் முறைகளை விவரித்துள்ளார். வெள்ளி அல்லது பொன்னால் ஆன மெல்லிய தகட்டில் துளைகள் இட்டு, அதைப் பல்வரிசையோடு பொருத்தி நூலால் கட்டுவது ஒரு முறை. பல்லை இடுக்கியால் பற்றி ஒரே தடவையில் வளைத்து நேராக்கிவிட்டுப் பிறகு கட்டிவைப்பது மற்றொன்று. உணர்வு மருந்து இல்லாத காலம் அது. நோயாளி எதைத் தாங்கினார் என்பதைவிடப் பல் எங்கே நகர்ந்தது என்பதே எழுத்தில் பதிவானது.

1860இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் எமர்சன் ஏஞ்சல் வெளியிட்ட கட்டுரை வேறொரு காரணத்தால் கவனத்துக்குரியது. பதினான்கரை வயதுச் சிறுமி ஒருத்தியின் மேல்தாடைக்குக் குறுக்கே அவர் ஒரு திருகைப் பொருத்தினார். அதை முறுக்கும் சாவியைச் சிறுமியிடமே கொடுத்து, திருகைத் தளரவிடாமல் இறுக்கிக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பினார். இரண்டு வாரங்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தோன்றியது. அண்ணத்தின் நடுப்பொருத்து விலகி மேல்தாடையே அகன்றிருக்கிறது என்று ஏஞ்சல் முடிவு செய்தார். அன்றைய துறையினர் நம்பவில்லை. சுமார் நூறாண்டுகள் ஒதுக்கப்பட்டுக் கிடந்த அம்முறைக்கு 1961இல் ஆண்ட்ரூ ஹாஸ் வெளியிட்ட ஆய்வுகளே மறுவாழ்வு அளித்தன.

இன்று எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் அண்ண விரிவாக்கி அத்திருகின் வழித்தோன்றல்தான். ஒரு கால் சுற்றுக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் விரிவு என்பது வழக்கமான கணக்கு. சாவி இப்போது பெரும்பாலும் பெற்றோர் கையில் இருக்கிறது. முன்பற்களுக்கிடையே திடீரென்று தோன்றும் இடைவெளியைக் கண்டு அஞ்சும் குடும்பங்கள் உண்டு. அது சிகிச்சை வேலை செய்வதன் அடையாளம். ஈற்றிலுள்ள நார்கள் பற்களை இழுப்பதால் பின்னர் பெருமளவு தானாகவே மூடிக்கொள்ளும். இதை முன்கூட்டியே கேட்டறிந்த குழந்தை கண்ணாடியில் அந்த இடைவெளியைத் தேடிப் பார்க்கும். கேட்டிராத குழந்தை வாயை மூடிக்கொள்ளும். 1860இன் சிறுமியிடம் சாவியைக் கொடுத்ததில் நடைமுறை வசதியே நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும் தன் வாய்க்குள் நடப்பதில் ஒரு பங்கு தன் கையிலும் இருக்கிறது என்ற நிலையை அச்செயல் உண்டாக்கியது. குழந்தைக்குச் சிறு சிறு தெரிவுகளையேனும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இன்றைய குழந்தைப் பல்மருத்துவம் வலியுறுத்துவதும் இந்நிலைக்காகத்தான்.

ஆறு வயதுக் கடைவாய்ப்பல்

எட்வர்டு ஏங்கிள் 1899இல் முன்வைத்த வகைப்பாடு பல்சீரமைப்பைத் தனித்துறையாக நிலைநிறுத்தியது. மேல், கீழ்த் தாடைகளின் முதல் நிலைக் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன என்பதே அவ்வகைப்பாட்டின் அச்சு. அப்பற்கள் ஏறத்தாழ ஆறு வயதில் முளைப்பவை. எனவே கடிப்பொருத்தத்தின் கோளாறு வளர்ந்தபின் தெரியவருவது என்ற நிலை மாறியது. பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கும் குழந்தையின் வாயிலேயே அதைப் படிக்கலாம் என்றானது. ஏழு வயதுக்குள் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று அமெரிக்கப் பல்சீரமைப்பாளர் சங்கம் இன்று பரிந்துரைப்பதன் பின்னணியும் இதுவே. அது பரிசோதனைக்கான வயதே தவிரச் சிகிச்சைக்கான வயதன்று. இவ்விரண்டும் குழம்பிப்போவதால் வரும் தொல்லைகள் பல.

குழந்தையின் வாய் படிக்கத்தக்க ஏடானபோது அதன் பழக்கங்கள் குற்றப்பட்டியலுக்குள் வந்தன. விரல் சூப்புவதால் பின்னாளில் பல்வரிசை கோணும் என்று 1878இல் பாஸ்டனில் தாமஸ் சாண்ட்லர் எழுதினார். மறு ஆண்டில் புடாபெஸ்ட் நகரின் குழந்தை மருத்துவர் லிண்ட்னர் விரல் சூப்புதலைப் பற்றி விரிவாக எழுதினார். 1905இல் ஃபிராய்டு தம் பாலியல் கோட்பாட்டுக் கட்டுரைகளில் அதை எடுத்தாண்டார். ஒரு தலைமுறைக்குள் கட்டைவிரல் பல்மருத்துவருக்கும் உளப்பகுப்பாய்வாளருக்கும் பொதுச் சான்றுப்பொருளாயிற்று. விரலில் கசப்பு தடவுவது, கையைத் துணியால் கட்டுவது, அண்ணத்தில் கம்பி வேலி பொருத்துவது என்று தடைகள் பெருகின.

பெரும்பாலான குழந்தைகள் பள்ளி செல்லத் தொடங்கும் வயதுக்குள் அப்பழக்கத்தைத் தாமாகவே விட்டுவிடுகின்றன என்பதும், நிலைப்பற்கள் முளைத்த பின்னும் தொடர்ந்தால்தான் பல்வரிசைக்குக் கேடு என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்டவை. குழந்தையே விட விரும்பும்போது நினைவூட்டலாகப் பயன்படும் அதே கம்பி, விரும்பாத குழந்தையின் வாயில் தண்டனையாகிறது.

விடுமுறைக்குச் சென்ற மகள்

இத்துறையின் போக்கைத் திருப்பிய நிகழ்வுகளில் ஒன்று டென்மார்க்கில் ஒரு பல்மருத்துவரின் வீட்டிலேயே நடந்தது. விகோ ஆண்ட்ரசன் தம் மகளுக்குப் பல்லில் நிலையாக ஒட்டிய கருவி பொருத்தியிருந்தார். கோடை விடுமுறைக்கு அவள் வெளியூர் செல்லும்போது கவனிக்க ஆளில்லாமல் அது கெட்டுவிடக்கூடாது என்று அதைக் கழற்றிவிட்டு, கீழ்த்தாடையைச் சற்று முன்னோக்கி வைத்திருக்கச் செய்யும் ஒரு கழற்றி மாட்டும் தகட்டைக் கொடுத்தனுப்பினார். செய்து முடித்த திருத்தம் விடுமுறையில் பின்வாங்காமல் இருந்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு. அவள் திரும்பி வந்தபோது கடிப்பொருத்தம் மேலும் சீரடைந்திருந்தது. 1908இல் அவர் வெளியிட்ட இம்முறை, பின்னர் ஆஸ்லோவில் கார்ல் ஹாய்ப்பலுடன் இணைந்து அவர் வளர்த்தெடுத்த 'ஆக்டிவேட்டர்' கருவிக்கு அடித்தளமாயிற்று. 1936இல் இருவரும் எழுதிய நூல் அம்முறைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது.

அமெரிக்காவில் ஏங்கிளின் வழிவந்தோர் பொன் கம்பிகளால் பற்களை நகர்த்திக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பாவில் கழற்றி மாட்டும் கருவிகள் வேரூன்றியதற்குப் பொருளியல், அரசியல் காரணங்களும் உண்டு. விலையுயர்ந்த உலோகம் எளிதில் கிடைக்கவில்லை. சமூகக் காப்பீட்டின் கீழ்ப் பெருந்தொகையான குழந்தைகளுக்குப் பொதுப் பல்மருத்துவர்களே சிகிச்சை தர வேண்டியிருந்தது. இக்காரணங்களோடு மற்றொன்றையும் சேர்த்து நோக்கலாம். ஆக்டிவேட்டர் பெரும்பாலும் இரவில் அணியப்பட்டது. பகல் குழந்தைக்கு உரியதாக எஞ்சியது. பள்ளியில் பேசலாம், மதிய உணவு உண்ணலாம், எவரும் கேலி செய்யக் காரணம் இராது.

அதன் குறையும் அதுவே. பெருத்த ஒற்றைக் கட்டியான அக்கருவியோடு பேச இயலாது. எனவே அணியும் நேரம் குறைவு. கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவு நகரில் ரோல்ஃப் ஃபிரெங்கல் 1960களில் உருவாக்கிய கருவி கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே நின்று தசைகளுக்குப் பயிற்சி தந்தது. ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கிய 'ட்வின் பிளாக்' வேறொரு வழியில் சென்றது. அதற்கும் தூண்டுகோல் ஒரு குழந்தைதான். உடன் பணியாற்றிய பல்மருத்துவர் ஒருவரின் எட்டு வயது நிரம்பாத மகன் விழுந்ததில் மேல் முன்பல் இடம்பெயர்ந்துவிட்டது. பல்லை மீண்டும் பொருத்திய பிறகும் கீழுதடு அதன் பின்னே சிக்கி இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருந்தது. இரவில் மட்டும் அணியும் கருவியால் அங்கே பயனில்லை. ஆகவே கருவியை மேலொன்று கீழொன்று என்று இரண்டாகப் பிரித்து, வாய் மூடும்போது மட்டும் சரிவான கட்டைகள் ஒன்றையொன்று தள்ளுமாறு கிளார்க் வடிவமைத்தார். அதை அணிந்தபடியே குழந்தை பேசவும் உண்ணவும் முடிந்தது.

மகளின் விடுமுறையும் சிறுவனின் விழுகையும் சேர்ந்து சொல்வது ஒன்று உண்டு. குழந்தையின் நாளை எவ்வாறு பங்கிடுவது என்ற கேள்விக்கு விடை தேடியபோது கருவியின் வடிவம் மாறியது. இக்கால ஆய்வாளர்கள் கருவிக்குள் சிறு வெப்பநிலை உணரியைப் பதித்து, அது உண்மையில் எத்தனை மணிநேரம் வாய்க்குள் இருந்தது என்று கணக்கிடுகின்றனர். மருத்துவர் சொன்ன நேரத்தைவிட அணிந்த நேரம் குறைவு என்பதும், குழந்தையும் பெற்றோரும் சொல்லும் நேரம் அதைவிடக் கூடுதல் என்பதும் அத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவருகின்றன. இதைப் பொய் என்று படிப்பதா, பகிரப்படாத ஒரு நாளின் இடர்ப்பாடு என்று படிப்பதா என்பதைப் பொறுத்தே அடுத்த உரையாடல் அமையும்.

அண்ணத்தில் ஒரு தகடும் வாயில் ஒரு மொழியும்

பல்மருத்துவத்துக்கும் ஒலியியலுக்கும் உள்ள உறவை மொழியியல் மாணவர்கள் அதிகம் எண்ணிப்பார்ப்பதில்லை. நா அண்ணத்தைத் தொடும் இடத்தைப் படமாகப் பதிவுசெய்யும் முறையை 1870களின் தொடக்கத்தில் தொடங்கிவைத்தவர் லண்டன் பல்மருத்துவர் ஓக்லி கோல்ஸ். மாவும் பசையும் கலந்த பூச்சை அண்ணத்தில் தடவி, ஓர் ஒலியை எழுப்பியபின் பூச்சு எங்கே அழிந்திருக்கிறது என்று அவர் பார்த்தார். அதை அடுத்த நிலைக்குக் கொண்டுசென்றவர் நியூயார்க்கின் நார்மன் கிங்ஸ்லி. அண்ணப்பிளவு உள்ளோருக்குச் செயற்கை அண்ணம் செய்துகொடுத்தவர். 1880இல் வாய்க்கோணல்களைப் பற்றிப் பெருநூல் எழுதிப் பல்சீரமைப்பின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படுபவர். ஒலி ஆய்வுக்கென்றே செயற்கை அண்ணத் தகட்டைச் செய்து பயன்படுத்தியவரும் அவரே. ஒலியியல் ஆய்வுக்கூடத்தின் அண்ணத் தகடும் குழந்தையின் வாயிலுள்ள திருத்தத் தகடும் ஒரே பட்டறையில் பிறந்தவை.

தமிழ் ஒலிகளும் இவ்வரலாற்றுக்குள் வருகின்றன. லாகூரில் பேராசிரியராக இருந்து பின்னர் லண்டன் சென்ற ஜே. ஆர். ஃபெர்த், ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குத் தமிழ் உச்சரிப்புச் சுருக்கம் ஒன்றை 1934இல் எழுதினார். அண்ணப் பதிவு முறையைப் பற்றியும் அவர் பின்னர் எழுதியுள்ளார். செக் நாட்டு அறிஞர்கள் ஸ்வார்னியும் கமில் சுவலபிலும் தமிழின் நாமடி ஒலிகளைப் பற்றி 1955இல் கட்டுரை வெளியிட்டனர்.

இந்த உறவு மருத்துவ நாற்காலிக்கு ஏன் தேவைப்படுகிறது? தகடு பொருத்தியவுடன் 'ஸ' ஒலி குழறும் என்று ஆங்கிலக் கையேடுகள் எச்சரிக்கின்றன. அது சரியே. உரசொலிக்குத் தேவையான குறுகிய காற்றுவழி முன்பற்களுக்குப் பின்னே அமைவது; தகட்டின் தடிமன் அதை மாற்றிவிடுகிறது. ஆனால் இந்தியக் குழந்தையின் வாய் வேறு வகையில் பரபரப்பானது. 'த' பல்லைத் தொடுகிறது. 'ன' ஈறுமுகட்டைத் தொடுகிறது. 'ட', 'ண', 'ள' ஆகியவற்றுக்கு நா மேலே வளைந்து அண்ணத்தைத் தேடுகிறது. 'ழ' தொடாமல் அணுகி நிற்கிறது. மலையாளத்தில் பல், ஈறுமுகடு, நாமடி என்று மூன்று இடங்களிலும் மெல்லினங்கள் பொருள் வேறுபடுத்துகின்றன. மராத்தியில் 'ச'வுக்கே இரு உச்சரிப்புகள் உண்டு. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒன்று, வகுப்பில் ஆங்கிலம் என்று வாழும் எட்டு வயதுக் குழந்தை, தகடு மூடியிருக்கும் அதே சில சென்டிமீட்டர் பரப்பில் இத்தனை இடங்களையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆய்வுக்கூடங்களில் மின்னணு அண்ணத் தகட்டைப் பயன்படுத்துவோர், பதிவுக்கு முன் பேச்சாளர் அதற்குப் பழகிக்கொள்ள நேரம் ஒதுக்குகின்றனர். வளர்ந்தவர்க்கே அச்சலுகை வேண்டியிருக்கிறது. காலையில் தகடு பொருத்தப்பட்ட குழந்தையோ பிற்பகலில் வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்க நேர்கிறது. மொன்றியாலில் ஷாரி பாமும் டேவிட் மெக்ஃபார்லண்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இங்கே துணைசெய்கிறது. வளர்ந்தவர்களுக்குச் செயற்கை அண்ணத்தைப் பொருத்தி, 'ஸ' ஒலி மிகுந்த பகுதிகளைத் தொடர்ந்து உரக்க வாசிக்கச் செய்தனர். ஒரு மணிநேரப் பயிற்சியிலேயே ஒலியில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

'கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்' என்று மருத்துவர்கள் சொல்லும் எளிய அறிவுரைக்கு இத்தகைய அடிப்படை உண்டு. வாசிக்கும் புத்தகம் குழந்தை பேசும் மொழியில் இருக்க வேண்டும் என்பதை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை தமிழிலும் வாசிக்கட்டும். வாய்ப்பிருந்தால் வார இறுதியில் தகட்டைப் பொருத்துவதும், முதல் சில நாட்கள் உரக்க வாசிக்க அழைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லி வைப்பதும் செலவில்லாத உதவிகள்.

நாற்காலிக்கு அருகில்

குழந்தை ஒரு சிறிய நோயாளி மட்டுமன்று, தனி வகை நோயாளி என்ற உணர்வு பல்மருத்துவத்தில் தாமதமாகவே வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் எவாஞ்சலின் ஜோர்டன் முன்னர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1909 முதல் குழந்தைகளுக்கு மட்டுமே மருத்துவம் செய்வது என்று முடிவெடுத்து, 1925இல் குழந்தைப் பல்மருத்துவத்துக்கென ஒரு பாடநூலை எழுதினார். 1959இல் ஹரால்டு ஆடல்ஸ்டன் முன்வைத்த 'சொல், காட்டு, செய்' என்ற வாய்பாடு இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. செய்யப்போவதைக் குழந்தைக்குப் புரியும் சொற்களில் சொல்வது. கருவியை முதலில் கையிலோ பொம்மையிலோ காட்டுவது. சொன்னதையும் காட்டியதையும் மாற்றாமல் அப்படியே செய்வது.

இவ்வாய்பாட்டின் வலிமை மூன்றாம் படியில் இருக்கிறது. சொன்னதற்கும் செய்ததற்கும் வேறுபாடு இல்லை என்று அறியும்போதுதான் குழந்தையின் உடல் தளர்கிறது. 'வலிக்கவே வலிக்காது' என்ற வாக்குறுதி இங்கே கெடுதல் செய்கிறது. கம்பியோ திருகோ இறுக்கப்பட்டபின் சில மணிநேரத்தில் வலி தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிகிறது. இதைக் குழந்தைக்குரிய சொற்களில் முன்கூட்டியே சொல்ல முடியும்: இன்று இரவும் நாளையும் கடிக்கும்போது வலிக்கும், அப்போது குழைந்த தயிர்சாதமும் இட்லியும் போதும், சில நாளில் முறுக்குக்கு ஆசை வரும், ஆனால் முறுக்கு கம்பியை உடைத்துவிடும். கணித்தது கணித்தபடி நடக்கும்போது வலி குறைவதில்லை, அச்சம் குறைகிறது. உமிழ்நீர் கூடுவது, உதட்டில் கம்பி உராய்வது, அதற்கு மெழுகு வைப்பது போன்றவையும் இவ்வாறே முன்னறிவிக்கத்தக்கவை.

எப்போது என்ற கேள்வி

குழந்தை பழகிக்கொள்ளுமா என்று கேட்பதற்கு முன்னால், இப்போதே பழகிக்கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்பது நேர்மை. இக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவரின் அனுபவமே விடையாக இருந்தது. 1990கள் முதல் வட கரோலினா, ஃபுளோரிடா, பிரிட்டன் ஆகிய இடங்களில் நடந்த சமவாய்ப்பு ஒப்பீட்டு ஆய்வுகள் அந்நிலையை மாற்றின. பிரிட்டன் ஆய்வில் எட்டு முதல் பத்து வயதுக்குட்பட்ட, முன்பல் துருத்திய 174 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு உடனே ட்வின் பிளாக் கொடுக்கப்பட்டது; மறு பாதியினர் காத்திருந்தனர். 2003இல் வந்த முதற்கட்ட முடிவுகளில், சிகிச்சை பெற்ற குழந்தைகளின் தன்மதிப்பு கூடியிருந்தது. கேலி போன்ற கசப்பான அனுபவங்கள் குறைந்திருந்தன. 2009இல் வெளியான இறுதி முடிவுகளில் இரு குழுவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு எஞ்சவில்லை.

இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வின் 2013ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முதன்மை ஆசிரியர் பத்ரி திருவேங்கடாச்சாரி. 2018இல் அது 27 ஆய்வுகளையும் 1251 பங்கேற்பாளர்களையும் உள்ளடக்கியதாக விரிந்தது. முன்பல் துருத்திய குழந்தைகளுக்கு முன்கூட்டிச் சிகிச்சை தந்தால் அப்பல் அடிபடும் வாய்ப்பு குறைகிறது. மற்றபடி, வளரிளம் பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்வதைவிடத் தனிப்பயன் இல்லை. மதிப்பாய்வின் சாரம் இதுதான்.

இம்முடிவு முன்கூட்டிய சிகிச்சை எல்லாவற்றையும் மறுப்பதாகாது. கீழ்த்தாடையை ஒருபுறமாக விலகச் செய்யும் குறுக்குக் கடி, கீழ்ப்பல்லுக்குப் பின்னே மாட்டிக்கொண்ட மேல் முன்பல், காலத்துக்கு முன்பே பால்பல் விழுந்து இடம் சுருங்குதல் ஆகியவற்றில் காத்திருப்பதே கேடாகலாம். அவற்றுக்கு வெளியே, ஏழெட்டு வயதில் தொடங்கிப் பதினான்கு வரை நீளும் இருகட்டச் சிகிச்சை குழந்தைப் பருவத்தின் பாதியை எடுத்துக்கொள்கிறது. அவ்விலையைக் கருவியின் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும். அதே வேளையில், எட்டு வயதில் கேலிக்கு ஆளாகும் குழந்தைக்கு 'பதினான்கில் எல்லோரும் ஒன்றுதான்' என்ற புள்ளிவிவரம் ஆறுதல் தராது. பிரிட்டன் ஆய்வின் இரு முடிவுகளும் உண்மை. எதற்கு எடை தருவது என்பதை அந்தக் குழந்தையைக் கேட்காமல் தீர்மானிக்க இயலாது.

இந்தியச் சூழல்

ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கிய கல்லூரியோடு இந்தியாவில் முறையான பல்மருத்துவக் கல்வி வேர்கொண்டது. பல்மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. இந்தியப் பல்சீரமைப்புச் சங்கம் 1965இலும் குழந்தைப் பல்மருத்துவச் சங்கம் 1979இலும் தோன்றின. பல்லுக்கும் குழந்தைக்கும் தனித்தனிச் சங்கங்கள் அமைந்தது தொழில்நுட்ப வளர்ச்சியின் இயல்பு. எட்டு வயதுக் குழந்தையோ இரண்டு துறைகளுக்கும் நடுவிலுள்ள நாற்காலியில் அமர்கிறது. பேச்சுக் குழறினால் மூன்றாவதாக ஒரு துறையையும் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் சிகிச்சைத் தேவையை அளவிடும் குறியீடு ஒன்று 1989இல் உருவாக்கப்பட்டது. தேவை மிகுந்த சிறார்க்கு அரசின் நலத்துறையே அதன் அடிப்படையில் செலவை ஏற்கிறது. இந்தியாவில் அரசுப் பல்மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியே இச்சிகிச்சை பெரும்பாலும் குடும்பத்தின் பையிலிருந்தே நடைபெறுகிறது. கையிலிருக்கும் பணமே வயதைத் தீர்மானிக்கும்போது தேவையற்ற குழந்தைக்கு ஏழு வயதில் கருவி கிடைப்பதும், குறுக்குக் கடியோடு தாடை கோணிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பதினாறிலும் கிடைக்காமல் போவதும் ஒரே ஊரில் நிகழ்கின்றன.

சொற்களும் இங்கே வேலை செய்கின்றன. தமிழில் தெற்றுப்பல்லை அதிர்ஷ்டம் என்றும் அழகு என்றும் கொண்டாடும் வழக்கு உண்டு. துருத்திய பல்லைச் சுட்டிப் பட்டப்பெயர் வைக்கும் வழக்கும் உண்டு. கிளிப்பு அணிந்த பின்னர் அதுவே மற்றொரு பட்டப்பெயருக்குக் காரணமாகலாம். 'பல் சரியில்லை' என்று விருந்தினர் முன் சொல்லப்படும் குழந்தைக்குத் தான் சரியில்லை என்றே கேட்கிறது. 'இந்தப் பல்லுக்கு இடம் போதவில்லை, இடம் பண்ணித் தரப் போகிறோம்' என்று சொல்வதில் உண்மையும் குறைவதில்லை, குழந்தையும் குறைவதில்லை.

ஆய்வு மாணவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க கேள்விகள் இங்கே பல உள்ளன. அண்ணத் தகடு அணிந்த தமிழ்க் குழந்தை முதலில் மீட்டெடுப்பது எந்த ஒலியை? 'ழ'வும் 'ள'வும் ஒன்றாய்விட்ட வட்டார வழக்கைப் பேசும் குழந்தைக்கு அச்சுமை குறைவா? இருமொழிக் குழந்தை ஒரு மொழியில் பெற்ற தேர்ச்சி மறுமொழிக்குத் தாவுகிறதா? இவற்றுக்கு விடை காண ஒலியியலாரும் பல்மருத்துவரும் மீண்டும் ஒரே பட்டறைக்கு வர வேண்டும். கோல்ஸும் கிங்ஸ்லியும் அங்கிருந்தே தொடங்கினர்.

ஆந்திரியின் படத்தில் மரம் கம்பத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இளமரம் வளரும்போது கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டும் என்பதும், தளர்த்தாவிட்டால் பட்டைக்குள் கயிறு புதைந்துவிடும் என்பதும் தோட்டக்காரர்கள் அறிந்தவை. எட்டு வயதில் தொடங்கும் சிகிச்சையில் கயிற்றின் இறுக்கத்தை மாதந்தோறும் பார்க்க மருத்துவர் இருக்கிறார். அதைத் தளர்த்தும்படி கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கிறதா என்பதைப் பார்ப்பது வீட்டிலும் பள்ளியிலும் உள்ளவர்களின் பொறுப்பு.